இதற்குக் கீழே விற்காதே: ஒரு பொய்க் கல்யாணத்தின் கதை

சட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதிய கோப்பு மேஜைக்கு வந்தால் உடனே திறக்காதீர்கள். எழுந்து போய் ஒரு காபி சாப்பிடுங்கள். அவசரம் அனுப்பியவருடையது, கையெழுத்து மட்டும் நம்முடையது. நான் ஓய்வு பெற்று அடையாறில் காலை நடையும் மத்தியானத் தூக்கமுமாக இருக்கிறேன். உங்கள் அதிகாரி கூப்பிட்டு, புதிதாக வந்தவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசுங்கள் என்றார். சட்ட விதிகளையும் தீர்ப்புகளையும் நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் ஒரு கிரைண்டர் கதை சொல்கிறேன்.

அப்போது நான் ஒரு கிரைண்டர் கம்பெனியில் சட்ட அதிகாரி. தலைமையிடம் கோயம்புத்தூர். சென்னை அலுவலகம் தி.நகரில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில். சட்டப் பிரிவு என்றால் நான், என் மேஜை, யாருமே கூப்பிடாத ஒரு தொலைபேசி, அவ்வளவுதான்.

விற்பனை மேலாளர் பெயர் ரங்கராஜன். பரம்பரை மயிலாப்பூர்க்காரர். நல்ல மனிதர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நகரத்தில் உள்ள எங்கள் டீலர்கள் எல்லோருக்கும் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூ படமும் அதன் கீழே ஒரு நல்வாக்கும் அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். என்னிடம் மட்டும், "நீங்க லா படிச்சவா மேடம், உங்களுக்கு மார்க்கெட் தெரியாது" என்று அடிக்கடி சொல்வார். பதிலுக்கு நானும், "நீங்க மார்க்கெட் படிச்சவர், உங்களுக்கு லா தெரியாது" என்பேன். இப்படியே பல வருடம் ஒற்றுமையாக இருந்தோம்.

தகராறு ஒரு வடையில் ஆரம்பித்தது. பாண்டி பஜார் பக்கம் எங்களுக்கு ஒரு பெரிய டீலர் இருந்தார். குளிர்சாதனக் கடை, சோபா, வருபவர்களுக்கு ரோஸ் மில்க். வாசலிலேயே எங்கள் கிரைண்டரில் உளுந்து அரைத்து, அங்கேயே வடை சுட்டு, வாடிக்கையாளர்களுக்குச் சுடச்சுடக் கொடுப்பார். அவர்கள் நின்று நிதானமாகத் தின்பார்கள். மாவின் பதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், கல் எத்தனை கிலோ என்று விசாரிப்பார்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போய், ஸ்டெல்லா என்ற இன்னொரு டீலரின் கடையில் அதே கிரைண்டரைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். டீலர் கொதித்துப் போனார். "வடை என் கடையில, பில்லு மயிலாப்பூர்லயா? இதுக்கு ஒரு வழி பண்ணலன்னா ஆடிக்கு உங்க சரக்கே எனக்கு வேணாம்" என்று ரங்கராஜனிடம் கத்தினார். ஆடித் தள்ளுபடி சமயத்தில் தி.நகர் ஆர்டர் போனால் விற்பனை மேலாளரின் கதி என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். அப்பா, அக்கா, அண்ணன் எல்லோரும் ஆசிரியர்கள். இவர் மட்டும் துணிந்து வியாபாரத்தில் இறங்கி, கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை போட்டவர். கடைச் சரக்கில் பாதி எங்களுடையது. அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து காட்டினால் விலை குறையும். எந்த மதம், எந்தச் சாதி என்று பார்க்க மாட்டார், பத்திரிகை இருந்தால் போதும். தன் லாபத்தில்தான் குறைப்பார். பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டு, முடிந்தவரை அந்தக் கல்யாணத்துக்கும் மொய்க் கவரோடு போய் வருவார். அப்புறம் வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பம் அவர் கடைக்குத்தான் வரும். பத்திரிகைக்குத் தள்ளுபடி உண்டு என்பது எங்கள் விற்பனைப் பிரிவுக்குத் தெரியும். அவர் கல்யாணத்துக்குப் போவார் என்பது தெரியாது.

ரங்கராஜன் மறுநாள் காலை ரோஜாப்பூவின் கீழே இப்படி அனுப்பினார்: 'அன்பு டீலர்களே! நமது கிரைண்டரைக் கம்பெனி சொல்லும் விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. விற்றால் சரக்கு நிறுத்தப்படும். இந்த நாள் இனிய நாளாகட்டும்.' என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலை வணக்கத்துக்கு யார் சட்ட ஆலோசனை கேட்பார்கள்?

ஸ்டெல்லா அதைக் கண்டுகொள்ளவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ரங்கராஜன் முடிவு செய்தார். வாடிக்கையாளர் வேஷத்தில் ஓர் ஆளை அனுப்ப வேண்டும், அவர் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருக்க வேண்டும். அதனால் இல்லாத ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தார். மணப்பெண் பவானி, மணமகன் சரவணன், அடையாறில் ஒரு மண்டபம். தேதிக்குப் பஞ்சாங்கத்தை எடுத்துவைத்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நான் கேட்டபோது, "பொய்க் கல்யாணம்னா ராகு காலத்துலயா வெக்க முடியும்? மனசு கேக்குமோ?" என்றார். ஆனி மாதத்தின் அருமையான முகூர்த்தத்தைத் தேர்ந்தெடுத்தார். சுற்றத்தார் பெயர் இல்லாத பத்திரிகையை யாரும் நம்ப மாட்டார்கள் என்று, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழே விற்பனைப் பிரிவு முழுவதையும் சித்தப்பா, பெரியப்பா என்று வரிசையாகப் போட்டார். பெண்கள் பெயர் குறைவாக இருந்ததாம். 'அத்தை வசந்தி' என்று என்னையும் சேர்த்துவிட்டார்.

தாய்மாமன் வேஷம் எங்கள் அலுவலக டிரைவர் பாபுவுக்கு. ஊரூர் ஒல்காட் என்ற மீனவக் குப்பத்துக்காரர், ஸ்டெல்லா பார்த்திராத முகம். போய் விலை கேட்டு, வாங்கி, பில்லோடு வா என்பதுதான் உத்தரவு. பாபு அதோடு நிற்கவில்லை. பொண்ணு யாரு, என்ன என்று ஸ்டெல்லா அன்பாகக் கேட்டதும், "அப்பன் இல்லாத பொண்ணுக்கா. நாந்தான் மீன் வித்து வளத்தேன்" என்று கண் கலங்கிவிட்டார். ஸ்டெல்லாவும் கலங்கி, வழக்கமான தள்ளுபடிக்கு மேல் இன்னும் கொஞ்சம் குறைத்து, ஓர் இட்லிப் பானையையும் இலவசமாகக் கொடுத்தனுப்பினார். பாபு கிரைண்டரைத் தோளில் சுமந்து மாடியேறி வந்து, "சார், நம்ம சொன்ன வெலைக்கு ரொம்பக் கீழ குட்த்துச்சு! சோக்கா நடிச்சேன் சார்!" என்றார். ரங்கராஜனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கோப்புதான் 'அவசரம்' என்று என் மேஜைக்கு வந்தது. உள்ளே ரோஜாப்பூ, பத்திரிகை, பில், பாபுவின் வாக்குமூலம். மேலே ஸ்டெல்லாவின் டீலர்ஷிப்பை ரத்து செய்யும் கடிதம், என் கையெழுத்துக்கு இடம் விட்டு. ஆடி பிறப்பதற்குள் அனுப்ப வேண்டுமாம்.

நான் காபி சாப்பிட்டுவிட்டு வந்து படித்தேன். பெட்டியில் அச்சிட்டிருக்கிறோமே அதிகபட்ச விலை, அது கூரை. அதற்கு மேல் யாரும் விற்கக் கூடாது என்பதைச் சட்டமே சொல்கிறது. ஆனால் கூரைக்குக் கீழே கடைக்காரர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். சரக்கைக் காசு கொடுத்து வாங்கிவிட்டார், இனி அது அவருடையது. உற்பத்தியாளர் புகுந்து, இதற்குக் கீழே விற்காதே என்று ஒரு தரையையும் போட்டால், போட்டிச் சட்டம் அதை மறுவிற்பனை விலைக் கட்டுப்பாடு என்கிறது. தரை போட்ட உடனேயே குற்றம் ஆகிவிடாது. சந்தையில் நாம் எவ்வளவு பெரிய ஆள், மற்ற கம்பெனிகளுக்கு இடம் இருக்கிறதா, வாங்குபவருக்கு நன்மையா தீமையா என்றெல்லாம் தில்லியில் உள்ள போட்டி ஆணையம் அலசிப் பார்த்துத்தான் சொல்லும். ஆனால் இந்தக் கோப்பைப் பாருங்கள். விலையை நாம் விதித்தோம் என்பதற்கு ரோஜாப்பூ. மீறுகிறார்களா என்று வேவு பார்த்தோம் என்பதற்குப் பாபு. மீறியவரைத் தண்டித்தோம் என்பதற்கு என் கையெழுத்தோடு ரத்துக் கடிதம். ஸ்டெல்லாவுக்கு எதிராகத் திரட்டிய ஆதாரம் ஒவ்வொன்றும் எங்களுக்கு எதிரான ஆதாரம். கூட்டாகச் செய்தோம் என்பதற்குப் பத்திரிகையில் சித்தப்பா பெரியப்பா பட்டியல் வேறு.

ரங்கராஜனிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "அப்போ வடைக்குச் செலவழிக்கிறவன் முட்டாளா மேடம்? இப்படியே போனா நாளைக்கு எவன் வடை சுடுவான்? கிரைண்டரைப் பாக்காம ஜனங்க எப்படி வாங்குவா?" என்றார். இங்கே ஒன்று கவனியுங்கள். அவர் சொன்னது அசட்டுப் பேச்சு அல்ல. சட்டமே காது கொடுத்துக் கேட்கும் வாதம் அது. ஆணையத்தின் முன்னால் நாங்கள் ஜெயித்தாலும் ஜெயித்திருப்போம். ஆனால் வடைக்கு ஈடு வேண்டுமென்றால் வடைக்கு நேராகப் பணம் கொடுக்கலாம், அதற்காக மயிலாப்பூரில் ஒருவர் கடையை மூட வேண்டியதில்லை. இதைச் சொன்னால், "கோயம்புத்தூர்ல எம்.டி. கேட்டுண்டே இருக்கார், கையெழுத்தைப் போடுங்கோ" என்பார். நானும் படிக்கிறேன், படிக்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். படிக்கிறேன் என்ற சொல்லை மறக்காதீர்கள். சட்டப் பிரிவில் அதைவிட நல்ல கேடயம் இல்லை.

கடைசியில் ஒரு நாள் காலையில் ரங்கராஜன் வந்து என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். கையெழுத்து வாங்காமல் எழுந்திருக்க மாட்டாராம். அப்போது பார்த்து, யாரும் கூப்பிடாத என் தொலைபேசி அடித்தது. எடுத்து, வழக்கம்போலக் கம்பெனி பெயரைச் சொல்லி, "சட்டப் பிரிவு, வணக்கம்" என்றேன். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது.

"கல்யாண வீடு இல்லியா? பத்திரிகைல இந்த நம்பர்தான் கீது. நான் மயிலாப்பூர் ஸ்டெல்லா. மண்டபத்துல வேற யாரோ பொண்ணு ஒக்காந்துகினு இருக்கு. பவானி எங்க? எடத்த மாத்திட்டீங்களா? மொய்க் கவர வச்சிக்கினு அரை மணி நேரமா நிக்கிறேன்."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு ரங்கராஜனைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "போன் நம்பர் இல்லாத பத்திரிகை உண்டோ? யாரும் கூப்பிடாத நம்பரா போடுவோம்னு உங்களோடதைப் போட்டேன்" என்று முனகினார். அன்றைக்குத்தான் அவர் பஞ்சாங்கம் பார்த்து வைத்த முகூர்த்தம். அவ்வளவு நல்ல முகூர்த்தத்தில் எந்த மண்டபம் காலியாக இருக்கும்? யாரோ ஒருவரின் நிஜக் கல்யாணம் அங்கே நடந்துகொண்டிருந்தது.

"கல்யாணம் நின்னுடுத்துன்னு சொல்லிடுங்கோ" என்று ரங்கராஜன் கையால் ஜாடை காட்டினார். எனக்கும் நாக்கு நுனி வரை அது வந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஸ்டெல்லா எப்படிப்பட்டவர் என்று கோப்பு முழுக்க இருந்ததே. அப்பா இல்லாத பெண்ணின் கல்யாணம் நின்றுவிட்டது என்றால் அவர் வீட்டுக்குப் போவாரா? குப்பம் முழுக்கத் தேடி, கண்டுபிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் போவார். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதுவரை பொய் விற்பனைப் பிரிவினுடையது. நான் வாயைத் திறந்தால் அது சட்டப் பிரிவினுடையது ஆகிவிடும். யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு தவில் ஓசையின் நேரம்தான்.

"மேடம், கல்யாணம் இல்லை. கிரைண்டர் வாங்கினவர் எங்க கம்பெனி டிரைவர். நீங்க என்ன விலைக்கு விக்கிறீங்கன்னு பாக்கறதுக்காக அனுப்பினாங்க" என்றேன்.

ஸ்டெல்லா முதலில் கேட்டது விலையைப் பற்றி அல்ல. "அப்ப அந்தப் பொண்ணுக்கு அப்பா இல்லன்னாரே?"

"பொண்ணே இல்லீங்க."

"யப்பா!" என்று பெருமூச்சு விட்டார். "சாந்தோம் கோயில்ல அதுக்காக மெழுகுவத்தி ஏத்தி வச்சிட்டு வரேன். நல்லவேள, எந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் ஆவல." எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நொடி அவர் குரல் மாறியது. "ஆபீஸ் தி.நகர்தான? இங்க பந்திக்குக் கூப்புடறாங்க, வேணாம்னா உட மாட்டேன்றாங்க. சாப்ட்டு நேரா அங்க வரேன்."

ஆக, எனக்குக் கிடைத்த அவகாசம் ஒரு கல்யாணச் சாப்பாடும், அடையாறிலிருந்து ஓர் ஆட்டோ பயணமும். கோயம்புத்தூருக்குப் போன் போட்டு எம்.டி.யிடம் முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரு கல்யாணமுங்க? எனக்குப் பத்திரிக்கை வரலீங்களே" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் பிடிபட்டது. "அந்தம்மா ஆணையத்துக்குப் போனா என்னாகுமுங்க?" என்றார். "ஜெயிச்சாலும் ஜெயிப்போம் சார். ஆனா அபராதம்னு வந்தா கம்பெனி வருமானத்தை வச்சுக் கணக்குப் போடுவாங்க. முதல் ஆதாரமா நம்ம கல்யாணப் பத்திரிகை தில்லியில எல்லார் கையிலயும் சுத்தும். நானே அத்தை சார், நான் எப்படி வாதாடறது?" என்றேன். அவர் உடனே, "வடைக்கு மாசம் எவ்வளவுங்க ஆகும்?" என்றார். அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. ரத்துக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னார். பாண்டி பஜார் டீலருக்கு வடைச் செலவைக் கம்பெனியே கொடுக்கும். ரோஜாப்பூ உத்தரவு வாபஸ்.

ஸ்டெல்லா பட்டுப்புடவையும் கையில் தாம்பூலப் பையுமாக மாடியேறி வந்தார். தாம்பூலப் பையை என் மேஜைமேல் வைத்தார். "இன்னா ரங்கராஜன் சார், காத்தால ரோஜாப்பூ அனுப்பறீங்க, மத்தியானம் வேவு பாக்க ஆள் அனுப்பறீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆடிக்கு எனக்கு சரக்கு வருமா, வராதா? எங்கிட்ட ரெண்டு பொண்ணுங்க வேல செய்யுது. சரக்கு இல்லன்னா அதுங்கள நான் இன்னைக்கே அனுப்பணும். அத்த மட்டும் சொல்லுங்க, நான் போய்க்கினே இருக்கேன்."

"வரும் மேடம்" என்றேன் நான். "நீங்க என்ன விலைக்கு வித்தாலும் வரும்."

"அத்த அவரு சொல்லட்டும்" என்றார் ஸ்டெல்லா. ரங்கராஜன் வாயால் சொல்லவில்லை. போனை எடுத்து, நான் எழுதிக் கொடுத்த வாசகத்தை எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்தார். கம்பெனி சொல்வது வெறும் பரிந்துரை விலை, அதற்குக் கீழே எந்த விலைக்கு வேண்டுமானாலும் டீலர்கள் விற்கலாம், அதற்காக யாருடைய சரக்கும் நிறுத்தப்படாது. பழக்கதோஷம், அதற்கும் மேலே ஒரு ரோஜாப்பூவை வைத்துவிட்டுத்தான் அனுப்பினார். ஸ்டெல்லாவின் கைப்பையில் இருந்த போன் கிணுகிணுத்தது. அவர் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசி வரி வரை படித்தார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார்.

பாபுதான் கொண்டுவந்து கொடுத்தார். "யக்கா, மன்னிச்சிடுக்கா. டூட்டிக்கா" என்றார். "நீ சினிமாக்குப் போயிருக்கணும் நைனா. அந்த இட்லிப் பானைய மட்டும் ஊட்ல வச்சிக்கோ, அது உனக்குத்தான்" என்றார் ஸ்டெல்லா. பிறகு ரங்கராஜன் பக்கம் திரும்பினார். "சார், நான் குறைச்சது கல்யாணப் பொண்ணுக்கு. பொண்ணு இல்ல, கல்யாணம் இல்ல. அப்ப குறைச்ச காச எடுத்து வைங்க. இல்லன்னா கிரைண்டரக் கொடுங்க, எடுத்துக்கினு போறேன்."

நியாயமான கோரிக்கை. கல்யாணச் செலவு என்று வந்த அந்த பில்லைக் கணக்குப் பிரிவு ஏற்க மறுத்துவிட்டதால் பணமும் ரங்கராஜனுடையது, கிரைண்டரும் அவருடையது. வீட்டில் பழைய கிரைண்டர் தகராறு செய்துகொண்டிருந்ததால் அதைத் திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை. பர்ஸை எடுத்தார். நோட்டுகளை எண்ணினார். பாதியில் கை நின்றது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, காலம் காலமாகக் கடையில் நின்று சொல்லிப் பழகிய குரலில், "மேடம், கொஞ்சம் பாத்துக் குறைச்சுக்கோங்கோளேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. முதலில் சிரித்தது பாபு. பிறகு நான். ஸ்டெல்லா சிரிக்கவில்லை, தொழிலில் அவர் சரியாக இருப்பார். ரங்கராஜனின் கையில் இருந்த நோட்டுகளிலிருந்து இரண்டை மட்டும் உருவிக்கொண்டு, மீதியை அவரிடமே தள்ளினார்.

"இது போதும் சார். பில்லோட சேத்துக் கூட்டிப் பாருங்க, நீங்க சொன்ன வெலைக்கு இன்னும் கீழதான் வரும். என் சரக்கு, நான் குறைப்பேன்."

ரங்கராஜன் கூட்டிப் பார்த்தார். மீதியைப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.